கன்னம் தொங்குகிறது: மெஷினா, கத்தியா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு வருஷத்துக்கு முன், ஆவணியில், என் அக்கா மகளுக்கு நிச்சயம் நடந்தது. தையில் கல்யாணம். நிச்சயதார்த்த வீடியோ கைக்கு வந்த அன்று இரவு 11 மணிக்கு அக்கா ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். தாம்பூலத் தட்டை நீட்டியபடி குனிந்து நிற்கிறாள். தாடை ஓரத்தில் இரண்டு பக்கமும் சதை சின்னச் சுருக்குப்பை மாதிரி தொங்குகிறது. "ஏண்டி, நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டிருந்தாள். அடுத்து வந்தது, தோலை இறுக்கும் மெஷினுக்கான ஒரு விளம்பரம். கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரு மணி நேரம் போதும், மதியமே வேலைக்குப் போகலாம்.

அவளுக்கு அப்போது 54 வயது. அடுத்த ஒன்றரை மாதம் இரண்டு பேரும் மூன்று இடங்களுக்கு அலைந்தோம். மெஷின் வைத்திருந்த இடத்தில் மெஷின் போதும் என்றார்கள். தோலுக்கடியில் நூல் கோத்துத் தூக்குகிற இடத்தில் நூல்தான் சரி என்றார்கள். மூன்றாவதாகப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் மட்டும் கன்னத்தில் விரலை வைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது எவ்வளவு தூரம் மேலே போகணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே விடை தேடியிருந்தால் முதல் இரண்டு இடத்துக்கான கன்சல்டேஷன் பணமும் ஆட்டோ காசும் மிச்சமாகியிருக்கும். நான் டாக்டர் இல்லை. போன இடமெல்லாம் நோட்டில் குறிப்பெடுத்த தங்கை, அவ்வளவுதான். அந்த நோட்டை ஒழுங்குபடுத்தி எழுதியதுதான் இது.

படி 1: தளர்ந்திருப்பது எது?

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே விரிப்பு, அதன் கீழே மெத்தை, அதைத் தாங்கும் கயிறு, எல்லாவற்றுக்கும் அடியில் மரச்சட்டம். முகமும் கிட்டத்தட்ட இப்படித்தான். விரிப்பு என்பது தோல். மெத்தை என்பது கன்னத்தின் கொழுப்பு. கயிறு என்பது தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முகத்தசைகளோடு சேர்ந்து ஓடும் ஒரு நார்ப்படலம். டாக்டர்கள் இதை 'ஸ்மாஸ்' என்பார்கள். சட்டம் என்பது எலும்பு.

வயதாகும்போது நான்கும் மாறுகின்றன. தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 வருஷத்தில் மட்டும் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் போய்விடுவதாகச் சொல்கிறார்கள். 50 தாண்டிய பலர் "திடீர்னு ஒரே வருஷத்துல முகம் விழுந்துடுச்சு" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். மேல் கன்னத்துக் கொழுப்பு வற்றி, கீழே இருப்பது சரிகிறது. நார்ப்படலம் தொய்கிறது. தாடை எலும்புகூடக் கொஞ்சம் கரைகிறது.

கயிறு தொய்ந்த கட்டிலில் விரிப்பை எவ்வளவு இழுத்துச் செருகினாலும் நடுவில் குழி குழிதான். அதேபோல் கயிறு விறைப்பாக இருக்கும்போது விரிப்பு மட்டும் கசங்கியிருந்தால் அதற்காகக் கட்டிலைப் பிரித்து முடைய யாரும் ஆசாரியைக் கூப்பிட மாட்டார்கள். மெஷின் வேலை செய்வது பெரும்பாலும் விரிப்பில். ஃபேஸ்லிஃப்ட் என்ற ஆபரேஷன் கயிற்றை இழுத்துக் கட்டுவது. மெத்தை வற்றியவருக்கு இரண்டும் முழு விடை ஆகாது. அவருக்கு ஊசியால் நிரப்பும் ஃபில்லரோ, வயிற்றிலோ தொடையிலோ எடுத்த சொந்தக் கொழுப்போ வேண்டியிருக்கும். சர்க்கரைக்கும் எடைக்கும் ஊசி போட்டு மளமளவென்று 15, 20 கிலோ குறைத்தவர்கள் இப்போது நிறையப் பேர் இந்த மூன்றாவது வகையில் வருகிறார்கள்.

படி 2: கைக்கண்ணாடிச் சோதனை

பகல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். பத்து நிமிஷம் ஆகும்.

முதலில் கட்டிலில் மல்லாந்து படுத்து, கைக்கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடியுங்கள். புவிஈர்ப்பு சதையைப் பின்பக்கம் இழுக்கும். தாடைக்கோடு தெளிவாகத் தெரியும். நல்ல ஃபேஸ்லிஃப்ட் தரக்கூடியதற்குக் கிட்டத்தட்ட நெருக்கமான முகம் இது. அது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? அக்கா பார்த்துவிட்டு, "இது நான் சீமந்தம் முடிஞ்சப்போ இருந்த மூஞ்சி" என்றாள்.

எழுந்து உட்காருங்கள். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் காதுக்கு ஒரு விரற்கடை முன்னால், கன்ன எலும்புக்குக் கீழே வையுங்கள். மெதுவாகக் காதை நோக்கி, கொஞ்சம் மேலாகத் தள்ளுங்கள். தாடைப் பை மறைய விரல் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டரிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிட்டால் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். ஒரு சென்டிமீட்டர், அதற்கும் மேல் போனால்தான் வித்தியாசம் தெரிகிறது என்றால் எந்த மெஷினும் அவ்வளவு தூரம் நகர்த்தாது. அக்காவுக்கு ஸ்கேல் வைத்தே பார்த்தோம், ஒன்றேகால் சென்டிமீட்டர்.

அடுத்து கழுத்து. பல்லைக் கடித்து "ஈ" என்று இழுத்துச் சொல்லுங்கள். நாடிக்குக் கீழே இரண்டு கம்பி மாதிரி செங்குத்தாகப் புடைத்தால் அது கழுத்தின் பிளாட்டிஸ்மா தசை. சும்மா இருக்கும்போதே அந்தக் கம்பிகள் தெரிந்தால், தோலை இறுக்கும் மெஷின் அவற்றை ஒன்றும் செய்யாது. கம்பி கிம்பி எதுவும் இல்லாமல், தோல் மட்டும் நனைத்துக் காயவைத்த பருத்திப் புடவை மாதிரி நுண்ணிய சுருக்கத்தோடு இருந்தால் அது விரிப்புப் பிரச்சினை. மெஷினுக்கும், ஏன், வெறும் சன்ஸ்கிரீனுக்கும் டாக்டர் எழுதித் தரும் ட்ரெடினாயின் கிரீமுக்கும்கூட அது ஓரளவு படியும்.

போனை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கும் முகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தக் கோணத்தில் 30 வயதுக்காரிக்கும் பை தொங்கும்.

படி 3: மெஷின் உண்மையில் செய்வது என்ன?

எல்லாம் சூடுதான். கொலாஜனைச் சுமார் 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கினால் அது சுருங்கும். குக்கரில் வேகும் ஆட்டுக்கறி துண்டு சிறுத்துப்போவதும் இதே சங்கதி. அந்தச் சின்னக் காயத்தை ஆற்ற உடம்பு புதுக் கொலாஜனை உண்டாக்கும். அதனால்தான் பலன் அன்றைக்கே தெரியாது. 2, 3 மாதம் கழித்துத் தெரிய ஆரம்பித்து 6 மாதம் வரை மெல்ல மெல்லக் கூடும். அன்றைக்கே கண்ணாடியில் தெரிகிற இறுக்கத்தில் பெரும்பங்கு வீக்கம்.

ஆர்.எஃப். எனப்படும் ரேடியோ ஃப்ரீக்வென்சி, தோலின் உள்ளடுக்கைப் பரவலாகச் சூடாக்குகிறது. இதில் பழைய ஆள் தெர்மாஜ் என்ற மெஷின். 2002-ல் அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதலில் கண்ணைச் சுற்றிய சுருக்கத்துக்கு அனுமதி கொடுத்தது. ஹைஃபூ என்பது ஒலி அலையைக் குவித்து, பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவது போல, தோலுக்கு அடியில் புள்ளி புள்ளியாகச் சுடுவது. மேல்தோல் சுடாது. 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என்று ஆழம் மாற்றும் தலைகள் உண்டு. ஆழமானது ஸ்மாஸ் வரை போகும். "ஃபேஸ்லிஃப்ட்டில் தொடும் அதே அடுக்கு" என்று விளம்பரத்தில் போடுவது இதை வைத்துத்தான். தொடுவது உண்மை. ஆனால் அங்கங்கே சூடு வைப்பதும், பிரித்தெடுத்து இழுத்துத் தைப்பதும் ஒரே வேலை ஆகிவிடுமா?

அளவைப் பாருங்கள். இந்த வகையில் பெயர் பெற்ற அல்தெரபி மெஷினுக்கு 2009-ல் புருவத்தைத் தூக்கலாம் என்று எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. 2010-ல் வெளியான ஆய்வில், 3 மாதம் கழித்து புருவம் உயர்ந்தது சராசரியாக 1.7 மில்லிமீட்டர். ஒரு அரிசியின் பருமன். புருவத்துக்கு அது கண்ணில் படும் மாற்றம்தான். ஒன்றேகால் சென்டிமீட்டர் தொங்கும் தாடைக்கு?

ஆர்.எஃப். மைக்ரோநீடிலிங் ஊசிகளின் நுனியில் சூட்டை இறக்குகிறது. சுருக்கம், முகப்பருத் தழும்பு, தோலின் கரடுமுரடு ஆகியவற்றுக்கு இது நல்லது. கொஞ்சம் இறுக்கமும் கிடைக்கும். ஆனால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு கரைந்து குழி விழுதல், நரம்புப் பாதிப்பு ஆகியவை சிலருக்கு வந்திருப்பதாக 2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. அழகு நிலையத்தில் முடி வெட்டியபின் "கூடவே இதையும் போட்டுக்கோங்க மேடம்" என்று சொல்லுமளவுக்கு லேசான விஷயம் அல்ல இது.

நூல் வைத்துத் தூக்கும் த்ரெட் லிஃப்ட், மெஷினுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் நிற்கிறது. பி.டி.ஓ. எனப்படும் தானே கரையும் நூல் சுமார் 6 மாதத்தில் கரைந்துவிடும். தூக்கிய இடம் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் பழையபடி இறங்கிவிடும். தோலில் சுருக்கு விழுவது, நூல் முனை வெளியே தெரிவது, ஒரு பக்கம் கோணுவது எல்லாம் நடக்கும். வேறு டாக்டர்கள் வேறு மாதிரி சொல்லலாம். என் கணக்கில் செலவுக்கும் பலனுக்கும் மிகப் பொருந்தாதது இதுதான்.

மெஷின் பலன் நிற்பது ஏறக்குறைய ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். பிறகு திரும்பச் செய்ய வேண்டும். மரப்புக் கிரீம் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தாலும், தாடை எலும்பின்மேல் ஹைஃபூ போகும்போது பல்லுக்குள் சுள்ளென்று பாயும். ஓரிரு நாள் சிவப்பு, லேசான வீக்கம். அபூர்வமாக உதட்டோர நரம்பு மரத்து, சில வாரம் சிரிப்பு கோணும். ஒட்டிய கன்னக்காரர்கள் ஆழமான ஹைஃபூவிலிருந்து தள்ளியே இருங்கள். இருக்கிற கொஞ்சக் கொழுப்பும் கரைந்தால் இன்னும் 5 வயது கூடித் தெரியும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆர்.எஃப். கூடாது. கர்ப்பிணிகள், முகத்தில் சீழ்க்கட்டி உள்ளவர்கள், முகத்தில் உலோகத் தகடு பொருத்தியவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள். இருபது வருஷமாகக் கழற்றாத திருகு அன்றைக்கு வராது. இரண்டு நாள் முன்பே ஆசாரி கடைக்குப் போய்க் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஃபேஸ்லிஃப்ட்டில் நடப்பது என்ன?

ஆரம்ப காலத்தில் இது தோலை மட்டும் வெட்டி இழுக்கும் வேலையாக இருந்தது. 1901-ல் பெர்லினில் ஹோலண்டர் என்ற மருத்துவர் ஒரு போலந்துப் பிரபு வீட்டுப் பெண்ணுக்குச் செய்ததுதான் முதல் ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள். தோல் நீளும் பொருள். இழுத்து வைத்தால் திரும்ப நீண்டுவிடும், இல்லையென்றால் புயல்காற்றில் நிற்பவர் மாதிரி முகம் விறைக்கும். 1976-ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் ஸ்மாஸ் படலத்தை விவரித்தபின் கதை மாறியது. கயிற்றை இழுத்துக் கட்டி, விரிப்பை அதன்மேல் இழுக்காமல் சும்மா படியவிட்டு, மிச்சத்தை மட்டும் வெட்டுவது. 1990-ல் அமெரிக்காவில் ஹம்ரா 'டீப் பிளேன்' முறையை எழுதினார். அதில் படலத்துக்கு அடியில் போய், கட்டிப்பிடித்திருக்கும் இணைப்புகளை விடுவித்து, தோலையும் படலத்தையும் ஒன்றாகத் தூக்குவார்கள்.

வெட்டு காதுக்கு முன்னால் மடிப்போரமாக இறங்கி, காதுமடலைச் சுற்றி, பின்புறமாக முடிக்குள் போகும். 3 முதல் 6 மணி நேரம் ஆகலாம். முழு மயக்கத்திலோ, அந்த இடத்தை மரக்கவைத்துத் தூக்க ஊசி போட்டோ செய்வார்கள். 'மினி லிஃப்ட்' என்றால் வெட்டு சிறியது, தூக்கும் அளவும் சிறியது. கழுத்துக் கம்பிகளுக்கு நாடிக்கு அடியில் இன்னொரு சின்ன வெட்டு வரலாம். பலன் 7 முதல் 10 வருஷம் இருக்கும். வயது அங்கேயே நின்றுவிடாது. கொஞ்சம் பின்னால் போய், அங்கிருந்து மறுபடி நடக்க ஆரம்பிக்கும்.

இது செய்யாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நெற்றி, கண்ணிமை, மேலுதட்டுக் கோடுகள், மங்கு, தோலின் நயம் இவற்றில் ஃபேஸ்லிஃப்ட் கை வைக்காது. கண்ணிமை தனி ஆபரேஷன். தாடை மட்டும் 40 ஆகி, கண் 55-லேயே நின்றுவிட்டதாக வருத்தப்பட்டவர்களும் உண்டு.

ஆபத்துகளில் அதிகம் வருவது தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். பி.பி. அதிகமுள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். அடுத்து நரம்பு. காதுமடலுக்கு உணர்ச்சி தரும் நரம்பில் அடிபட்டால் மடல் மரத்துவிடும். போனைக் காதில் வைத்தால் மரக்கட்டையில் வைத்தது மாதிரி இருக்கும். முகத்தை அசைக்கும் நரம்பு பாதிக்கப்படுவது அரிது. பாதித்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் சரியாகும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காதுமடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிப்போவதும், வெட்டோரத்தில் முடி கொட்டுவதும் கைத்திறமை குறைந்ததன் அடையாளம்.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரே விதி. முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரம் முழுவதுமாக நிறுத்தவேண்டும். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். தூக்கிய தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் காதுக்குப் பின்னால் தோல் கருத்து அழுகும். பொடி, புகையிலை போடும் மாமிகளும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். சொல்லாமல் மறைத்துவிடாதீர்கள்.

படி 5: நம் தோலுக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டு வீடியோக்களில் இந்தப் பகுதி பாதிக்கு மேல் இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாநிறம், கருப்பு நிறத் தோலுக்குச் சூட்டுக் காயம் பட்டால் அந்த இடம் கருத்துப்போகும். சிலருக்கு மாதக்கணக்கில் மாறாது. ஆர்.எஃப்., ஹைஃபூ இரண்டும் நிறமியைத் தேடிப் பாய்வதில்லை. அதனால் நம் நிறத்துக்கு ஓரளவு பாதுகாப்பு. மேல்தோலையே சீவியெடுக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரை "இறுக்கும்" என்று சொல்லிச் சேர்த்து விற்றால் இரண்டு தடவை யோசியுங்கள். ஏற்கெனவே மங்கு இருப்பவர்கள் மூன்று தடவை.

அப்புறம் கெலாய்டு. நம்மவர்களுக்குத் தழும்பு தடித்து வளரும் சுபாவம் அதிகம், அதிலும் காது அதற்குப் பிடித்த இடம். நல்லவேளையாக நம் எல்லோர் உடம்பிலும் இதற்கு இரண்டு பழைய சோதனைகள் நடந்து முடிந்திருக்கின்றன. ஒன்று காதுகுத்து. இரண்டாவது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசி. காது ஓட்டையைச் சுற்றி உருண்டையாகத் தடித்திருக்கிறதா? தோளில் தழும்பு புழு மாதிரி மேலெழும்பி அரிக்கிறதா? மகப்பேறு சிசேரியன் தழும்பு எப்படி ஆறியது? கூடப்பிறந்தவர்களுக்கு எப்படி? இதற்கெல்லாம் பதிலோடு போங்கள். கெலாய்டு உள்ளவர்களுக்கு ஃபேஸ்லிஃப்ட் வேண்டாம் என்று சொல்ல டாக்டருக்குக் காரணம் இருக்கிறது, அவர் சொன்னால் சண்டை போடாதீர்கள்.

தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னுகிறவர் என்றால் அதையும் சர்ஜனிடம் சொல்லவேண்டும். காதோர முடியை முன்னால் விட்டுச் சீவுகிற பெண்ணுக்கு மறையும் வெட்டு, ஒட்டச் சீவி மல்லிகை வைக்கும் பெண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். எங்கள் டாக்டர் அக்காவைப் பின்னலோடுதான் வரச் சொன்னார். ஆண்களுக்கு வேறு சிக்கல். தாடி முளைக்கும் தோலைக் காதுப்பக்கம் நகர்த்தினால் அப்புறம் காதோரத்தையும் மழிக்கவேண்டி வரலாம்.

சர்க்கரை, பி.பி. இரண்டும் கட்டுக்குள் வந்து சில வாரம் ஆன பிறகே தேதி குறிக்க வேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை, அவற்றை எழுதித் தந்த டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக்கூடாது. பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் இ, நாட்டு மருந்துப் பொடிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மேஜைமேல் கொட்டுங்கள். அக்கா பையிலிருந்து ஏழு டப்பா வந்தது. டாக்டர் நான்கை ஓரமாகத் தள்ளினார்.

படி 6: காலண்டரை எடுங்கள்

நம் ஊரில் இந்த ஆசை வருவது அநேகமாக வீட்டு விசேஷத்தை ஒட்டித்தான். அதனால்தான் அவசரம். மெஷின் என்றால் முகூர்த்தத்துக்கு 4 மாதம் முன்னால் முடித்திருக்க வேண்டும். முந்தின வாரம் செய்தால் வீக்கத்தைத்தான் மேடையேற்றுவீர்கள். ஃபேஸ்லிஃப்ட்டுக்குக் குறைந்தது 3 மாதம், நிம்மதியாக இருக்க 6 மாதம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நாள்கள் போவது ஏறத்தாழ இப்படி இருக்கும். முதல் இரவு தலையைச் சுற்றிக் கட்டு, சில சமயம் ரத்தம் வடிய ஒரு குழாய், தலைக்கு மூன்று தலையணை. 2, 3-ம் நாள் வீக்கம் உச்சம். கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடலாம். 5 முதல் 10 நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். ரத்தக்கட்டு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி 2, 3 வாரத்தில் மறையும். வெளியாட்கள் முன் போகலாம் என்று தோன்ற 2 வாரத்துக்கு மேல் ஆகும். நடை தாண்டிய உடற்பயிற்சிக்கு 6 வாரம். காதைச் சுற்றிய மரப்பு சில மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட. தழும்பு சிவந்திருந்து வெளுக்க 6 முதல் 12 மாதம்.

இதைப் பார்த்துவிட்டு அக்கா தைக் கல்யாணத்துக்கு ஒன்றும் செய்துகொள்ளவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். எந்த கிளினிக்கின் விலைப்பட்டியலிலும் அது இருக்காது.

படி 7: பத்து வருஷக் கணக்கு

ஒரு சிட்டிங் விலையையும் ஒரு ஆபரேஷன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். மெஷின் விலையை 7-ஆல் பெருக்குங்கள். பத்து வருஷத்துக்கு அத்தனை முறையாவது போக வேண்டிவரும். ஃபேஸ்லிஃப்ட் விலையில் மயக்க டாக்டர், தியேட்டர், ஒருநாள் அறை, மருந்து, ஏதாவது தவறினால் திரும்பத் திறக்கும் செலவு எல்லாம் உண்டா என்று எழுதி வாங்குங்கள். சாதாரண சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அழகுக்காகச் செய்யும் சர்ஜரிக்கு உண்டு. மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தராது. விபத்திலோ தீயிலோ சிதைந்ததைச் சீரமைப்பது வேறு.

"இன்னிக்கே கட்டினா மூணு சிட்டிங், ஒண்ணு ஃப்ரீ" என்று பேக்கேஜ் சொன்னால், முதல் சிட்டிங் முடிந்து 3 மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டதும் முகம் மாறுவது எதிரே இருப்பவருக்குத்தான்.

படி 8: யார் கையில்?

ஃபேஸ்லிஃப்ட்டுக்கு எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து அதன்மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு ஈடான டி.என்.பி. தகுதி உள்ளவர். மெஷினுக்கு எம்.டி. தோல் மருத்துவர், அல்லது அதே பிளாஸ்டிக் சர்ஜன். பலகையில் 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று மட்டும் இருந்தால் அது எந்தப் படிப்பையும் உறுதிசெய்யாது. தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் டாக்டரின் பதிவைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டில் தனியார் கிளினிக் நடத்தவும் 1997-ம் வருஷச் சட்டப்படி பதிவு வேண்டும். சான்றிதழ் ரிசப்ஷன் சுவரில் மாட்டியிருக்க வேண்டும்.

மெஷின் என்றால் அதன் பெயரைக் கேளுங்கள், "கொரியன் டெக்னாலஜி" என்பது பெயர் ஆகாது. தெர்மாஜ், மைக்ரோநீடிலிங் போன்றவற்றின் முனை ஒருவருக்கு ஒருமுறைதான். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் கூட வந்தவரைக் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்டேன். "ஏன் மேடம், நம்பிக்கை இல்லையா?" என்றார் அந்தப் பெண். இல்லை என்றுதான் சொன்னேன்.

முன்-பின் படங்களைக் காட்டுவார்கள். அதில் ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்கிறேன். முதல் படத்தில் நாடி கொஞ்சம் தாழ்ந்து, வெளிச்சம் மேலிருந்து விழும். இரண்டாவதில் நாடி ஒரு விரற்கடை நிமிர்ந்து, வெளிச்சம் எதிரிலிருந்து வரும், லேசான புன்னகையும் இருக்கும். இதை உங்கள் போனிலேயே செய்து பாருங்கள், ஒரு பைசா செலவில்லாமல் பாதித் தாடை மறையும். காதுமடலின் மேல்முனையும் மூக்கும் இரண்டு படத்திலும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தால் பிடித்துவிடலாம். 3 மாதப் படத்தை விட்டுவிட்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆனவர்களின் படத்தைக் கேளுங்கள். பக்கவாட்டில் காதுத் தழும்பு தெரியும் படமும் வேண்டும்.

சர்ஜனிடம் கேட்க எனக்குப் பிடித்த கேள்வி இரண்டு. உங்கள் கையில் ரத்தம் கட்டி திரும்பத் தியேட்டருக்குப் போனவர் கடைசியாக எப்போது? ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குச் சிக்கல் வந்தால் போனை எடுப்பது யார்? முதல் கேள்விக்குத் தயங்காமல் ஒரு சம்பவத்தைச் சொல்பவரை நம்பலாம்.

படி 9: முதல் இரவும் அதற்குப் பிறகும்

அக்கா கல்யாணம், மறுவீடு எல்லாம் முடிந்து அடுத்த ஆனியில் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டாள், கழுத்தோடு சேர்த்து. ஆறு மாதம் சர்க்கரையைக் கட்டுப்படுத்திய பிறகு.

முதல் இரவு ஒருவர் கண்டிப்பாகக் கூட இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வீங்குவது வழக்கம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்து, இறுகி, வலி ஏறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே கூப்பிடவேண்டும். பி.பி. மாத்திரை ஒருவேளைகூட விடக்கூடாது. இருமல், வாந்தி, மலச்சிக்கல் என எதுவும் முக்கவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்களைச் சிரிக்கவைக்க விடாதீர்கள் என்று நர்ஸ் என்னிடம் தனியாகச் சொன்னார். எங்கள் சித்தப்பாவை ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னோம்.

தலைக்குக் குளிப்பது டாக்டர் சொன்ன நாளில், மிதமான தண்ணீரில். எண்ணெய், சீயக்காய், மஞ்சள் எதுவும் வெட்டின் அருகே வேண்டாம். காது மரத்திருக்கும் வரை ஹேர் டிரையர் வைக்காதீர்கள், தோல் வேகுவதுகூடத் தெரியாது. தழும்பு மூடியபின் சிலிக்கோன் ஜெல், வெயிலில் சன்ஸ்கிரீன். அது தடிக்க ஆரம்பிக்கும் அறிகுறி தெரிந்ததுமே காட்டினால் ஊசி போட்டு அமுக்கலாம், ஆறு மாதம் கழித்துக் காட்டினால் பாடு அதிகம்.

தோடு 6 வாரம் கழித்துத்தான், அதுவும் சின்னத் திருகாணித் தோடு. மடலில் உணர்ச்சி இல்லாதபோது கனமான நகை போட்டால் ஓட்டை கிழிவது தெரியாது. அக்கா தன் ஜிமிக்கியை எடுத்தது ஏழாவது மாதத்தில், மகளின் வளைகாப்பன்று. இடது காதில் மாட்டும்போது இன்னும் கொஞ்சம் மரத்தே இருந்தது, திருகு உள்ளே போய்விட்டதா என்று என்னைத்தான் பார்க்கச் சொன்னாள்.